இங்கிலீஷ்ல எங்களுக்கு என்ன ஆச்சு?

அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் அடிதடி. பெயரைக் கேட்டுவிட்டு ஆளைப் பார்க்க வருகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். ஐந்தடி நாலங்குலம், சட்டைப் பையில் இரண்டு பேனா, மூக்குக் கண்ணாடிக்கு ஒரு கறுப்புக் கயிறு. கொசு கடித்தால்கூட ஊதி விரட்டுகிற மனிதர். ஆனால் இருபத்தெட்டு வருஷமாக அவர் பார்த்த வேலை முழுக்க அடிதான். ஒரு மாலை நாளிதழில் விளையாட்டுப் பக்கத்துக்கு உதவி ஆசிரியர் அவர். வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் இங்கிலீஷில் அனுப்புகிற ஆட்ட முடிவுகளைத் தமிழாக்கித் தலைப்புப் போடவேண்டும். யார் யாரை அடித்தார்கள், எத்தனை அடித்தார்கள், அடிபட்டவன் எழுந்தானா இல்லையா, இதை வைத்துத்தான் அவர் வீட்டில் உலை கொதித்தது.

இதில் என்ன பெரிய வித்தை என்று கேட்டுவிடாதீர்கள். அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் ஒரு சட்டம் போட்டிருந்தார்: ஒரே பக்கத்தில் ஒரே வினைச்சொல் இரண்டு தரம் வரக்கூடாது. சனிக்கிழமை என்றால் பக்கத்தில் பதினாறு ஆட்டம் இருக்கும். 'தோற்கடித்தது' என்று ஒன்றுக்குப் போட்டாகிவிட்டது. மிச்சம் பதினைந்துக்கு எங்கே போவது? இங்கிலீஷ்காரனுக்கும் இதே தலைவலி வந்திருக்கிறது. அவன் களத்துமேட்டிலிருந்து, தோல் பதனிடும் தொட்டியிலிருந்து, தச்சன் பட்டறையிலிருந்து, அடுப்படியிலிருந்து என்று கையில் அகப்பட்டதையெல்லாம் அள்ளி வந்து தோற்றவன் தலையில் கொட்டியிருக்கிறான். திராஷிங், டேனிங், ஹேமரிங், வாலப்பிங் என்று ஒரு சந்தையே இருக்கிறது. அடிதடி அத்தனையையும் ஒரு பழைய டைரியில் எழுதி, எதிரே தமிழையும் எழுதி வைத்திருந்தார். நமக்கு மட்டும் என்ன குறைச்சலா? துவைத்தெடுத்தது, வெளுத்து வாங்கியது, பின்னி எடுத்தது, நையப் புடைத்தது, மொத்தியது, சாத்தியது. ஒரு கோல் வித்தியாசம் என்றால் எந்தச் சொல், நாலு கோல் என்றால் எது, ஒரு கோல்கூடப் போடாமல் ஏழு வாங்கினால் எது என்று அவர் ஒரு படிக்கட்டே கட்டி வைத்திருந்தார். அதில் ஒரு படி மாற்றிப் போட்டாலும் அவருக்குச் சோறு இறங்காது.

சோறு என்றதும் சொல்லிவிடுகிறேன். அவர் தனியாகத்தான் சாப்பிட்டார். சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. மகளுக்குப் பிரசவம் என்று வேறு ஊருக்குப் போன மனைவி திரும்பி வரவில்லை, அவ்வளவுதான். மூன்று மாதம் என்று சொல்லிப் போனாள். குழந்தை குப்புற விழுந்தது, தவழ்ந்தது, நடந்தது, இப்போது பள்ளிக்கூடமே போகிறது. கேட்டால், "அடுத்த மாசம் வர்றேங்க, இங்க இவளால ஒண்டியா முடியல" என்பாள். இங்கே ஒருத்தர் ஒண்டியாகத்தான் இருக்கிறார் என்பதை அவரும் சொல்லவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசுவாள். கேஸ் வந்ததா, மாத்திரை போட்டீங்களா, பேரனிடம் கொடுக்கிறேன். பேரன் "தாத்தா" என்று ஒரு கத்துக் கத்திவிட்டு ஓடிவிடுவான். அதோடு சரி. இரண்டு அறை வீடு. வாங்கிவந்த பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுவிட்டு, அதே காகிதத்தில் அச்சாகியிருக்கும் பழைய செய்தியைப் படித்துப் பிழை திருத்துவார். இது வேடிக்கைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே பேனாவை எடுத்துத் திருத்துவார்.

இப்படி இருந்தவருக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, பிற்பகல் மூன்றரை மணிக்கு, ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது.

அந்த நகரத்தில் வாரியங்களும் பணிமனைகளும் ஆடுகிற ஒரு கால்பந்து லீக் உண்டு. அதில் தண்ணீர் வாரியத்து அணி என்று ஒன்று. பாவப்பட்ட அணி. குழாய் பதிக்கிறவர், மீட்டர் பார்க்கிறவர், வால்வு திருப்புகிறவர் என்று கிடைத்தவர்களைச் சேர்த்து ஆடவிட்டிருந்தார்கள். ஜெயித்ததே இல்லை. அந்தச் சனிக்கிழமை ஆறு கோல் வாங்கியிருந்தார்கள். அடிதடி தன் படிக்கட்டைப் பார்த்து, 'தண்ணீர் வாரியத்தை நையப் புடைத்தது துறைமுகம்' என்று போட்டிருந்தார்.

"விளையாட்டுப் பக்கம் போடறவரா சார்? நான் தண்ணீர் வாரியத்து ஸ்டோர் கீப்பர். அணிக்கு மேனேஜரும் நான்தான், வேற ஒருத்தரும் ஒத்துக்கல. அது என்ன சார், நையப் புடைச்சதுன்னு போட்டுட்டீங்க? நாங்க என்ன உளுந்தா?"

அடிதடி பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். இங்கிலீஷில் 'டிரப்' என்று ஒரு சொல் இருக்கிறது, ஆறு கோலுக்கு அதுதான் பொருத்தம், அதற்குத் தமிழில் இதுதான் சரியாக வருகிறது என்று விளக்கினார். அந்தக் காலத்தில் குற்றவாளியின் உள்ளங்காலில் தடியால் அடிப்பதற்கு அந்தச் சொல்லைச் சொன்னார்கள் என்றும் சேர்த்துச் சொன்னார். 

"உள்ளங்கால்லயா சார்? அப்ப சரியாத்தான் போட்டிருக்கீங்க. இன்னிக்கு ஒருத்தனாலயும் நடக்க முடியல" என்றார் ஸ்டோர் கீப்பர்.

அடிதடி சிரித்தார். அலுவலகத்தில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

அதற்கு அடுத்த திங்கட்கிழமையும் மூன்றரைக்கு மணி அடித்தது. பத்திரிகை இரண்டு மணிக்கே வெளியே போய்விடும், மூன்றரைக்கு அறை காலியாக இருக்கும். எடுத்ததும் ஒரே கேள்விதான்: "இந்த வாரம் இங்கிலீஷ்ல எங்களுக்கு என்ன சார் ஆச்சு?"

"இந்த வாரம் திராஷிங். அப்படின்னா கதிரடிக்கிறது."

"நெல்லு எவ்வளவு தேறுச்சு?"

இப்படிப் போகும் பேச்சு. ஹைடிங் என்றால் தோலை உரிக்கிறது, டேனிங் என்றால் உரித்த தோலைப் பதம் போடுவது. "அப்ப போன வாரம் உரிச்சாங்க, இந்த வாரம் செருப்புத் தெச்சாங்க, ஒழுங்காத்தான் போயிட்டிருக்கு" என்பார் ஸ்டோர் கீப்பர். "அடி மேல அடி அடிச்சா அம்மியும் நகரும்பாங்க. நாங்க மட்டும் ஏன் சார் நகர மாட்டேங்கறோம்?" என்பார். "அணியில ரெண்டு கீப்பர். நான் ஸ்டோர் கீப்பர், எதையும் வெளிய விடமாட்டேன். அவன் கோல் கீப்பர், எதையும் வெளிய நிறுத்தமாட்டான்" என்பார். பத்து நிமிஷம், மிஞ்சிப்போனால் பதினைந்து. அந்தப் பதினைந்து நிமிஷத்துக்காக அடிதடி ஞாயிற்றுக்கிழமை முழுக்க அகராதியைப் புரட்டினார். செவ்வாய்க்கிழமை வந்தால் அடுத்த திங்களுக்கு இன்னும் ஆறு நாள் என்று இருந்தது.

போன வருஷம் ஒரு திங்கட்கிழமை, வழக்கமான கேள்வி வந்ததும் அவருக்குப் பதில் வரவில்லை. தொண்டை அடைத்து, குரல் கரகரவென்று எங்கோ போயிற்று. செருமிச் செருமிப் பார்த்தார்.

"என்ன சார், உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்கு அப்புறம் நான் வாயத் திறந்தே பேசல. சனி ஞாயிறு லீவு போட்டிருந்தேன், இன்னிக்கும் அரைநாள் லீவு, இப்பத்தான் உள்ள வந்தேன். ஊர்லேர்ந்து ஃபோன் வரல, அவங்க எங்கயோ கல்யாணத்துக்குப் போயிருக்காங்க. இப்ப உங்க கிட்டதான் மொதல்ல பேசறேன். தொண்டை மறந்துபோச்சு போல."

சொல்லிவிட்டார். யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டார். மறுமுனையில் ஒரு இருமல்கூட இல்லை. பிறகு ஸ்டோர் கீப்பர் மெதுவாக, "சரி சார். அடுத்த வாரம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டார். அன்றைக்கு இரவு அடிதடிக்கு வெட்கத்தில் தூக்கம் வரவில்லை. இனி அந்த மனிதர் கூப்பிடப் போவதில்லை என்று முடிவு கட்டிவிட்டார். ஆனால் அடுத்த திங்கட்கிழமையும் மணி அடித்தது. அதற்குப் பிறகு ஆட்டமே இல்லாத வாரத்திலும் அடித்தது. "நேத்து டிவியில ஒரு நாடு ஏழு கோல் வாங்குச்சே, அதுக்கு என்ன சார் வார்த்தை?" என்று எதையாவது கேட்பார். அடிதடிக்கு அது இயல்பாகவே பட்டது. நல்ல சிநேகம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

இந்த வருஷம் லீக்கில் புதுச் சட்டம் வந்தது. கடைசி இடத்தில் வருகிற அணி வெளியே. கீழ் லீக்குக்கு இறங்கவேண்டும், கீழ் லீக் செய்தியை எந்தப் பத்திரிகையும் தொடாது. பதினேழு ஆட்டம் முடிந்தபோது தண்ணீர் வாரியம் கடைசியில் இருந்தது. இரண்டு டிரா, பதினைந்து தோல்வி. பதினெட்டாவது ஆட்டம்தான் கடைசி, பேருந்துப் பணிமனையோடு. அதில் ஜெயித்தால் மேலே இருக்கிற தபால் அணியை ஒரு புள்ளியில் தாண்டித் தப்பிக்கலாம். தோற்றாலும் டிராவானாலும் கதை முடிந்தது.

கதை முடிந்தால் திங்கட்கிழமையும் முடிந்தது. செய்தி இல்லாவிட்டால் தலைப்பு இல்லை, தலைப்பு இல்லாவிட்டால் ஸ்டோர் கீப்பர் டிவி ஆட்டத்தையே எத்தனை நாள் சாக்கு வைத்துக் கூப்பிடுவார்? அடிதடிக்கு இது கால்பந்து விஷயமே இல்லை. இருபத்தெட்டு வருஷத்தில் எந்த அணி ஜெயிக்கவேண்டும் என்றும் நினைத்திராத மனிதர், அந்த வாரம் முழுக்க மனசுக்குள் தண்ணீர் வாரியம், தண்ணீர் வாரியம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மாலைப் பத்திரிகையில் ஒரு வழக்கம் உண்டு. சனிக்கிழமை ஆட்டம் பன்னிரண்டேகாலுக்கு முடியவேண்டும், தாமதமாகத் தொடங்கினால் பன்னிரண்டே முக்கால்கூட ஆகும், பக்கமோ பன்னிரண்டரைக்கு மூடவேண்டும். அதனால் வெற்றிக்கு ஒரு தலைப்பு, தோல்விக்கு ஒரு தலைப்பு என்று இரண்டையும் முதல்நாளே தட்டி வைத்துவிடுவார்கள். கடைசி நிமிஷத்தில் ஒன்றை விட்டு மற்றதை அழிப்பார்கள். ஆட்டம் முடியாவிட்டால் மூன்றாவது வழி: 'கடைசியாகச் செய்தி கிடைத்தபோது ஆட்டம் நடந்துகொண்டிருந்தது' என்று ஒரு வரி. மொட்டையான வரிதான், ஆனால் பொய் இல்லாத வரி. புதிதாக வருகிறவர்களுக்கு அடிதடியே அதைச் சொல்லிக்கொடுப்பார்.

வெள்ளிக்கிழமை இரண்டு தலைப்பும் தட்டினார். வெற்றிக்கு, 'தப்பித்தது தண்ணீர் வாரியம்'. சுமாரான தலைப்பு. தோல்விக்கு எழுதும்போதுதான் கை துள்ளியது. 'வடிந்தது தண்ணீர் வாரியம்!' எழுதிவிட்டு நாற்காலியில் சாய்ந்து பார்த்தார். எவ்வளவு கச்சிதம்! லேஅவுட் செய்கிற பெண் எட்டிப் பார்த்து, "அண்ணே, பிரமாதம்!" என்றாள். மனசு ஜெயிக்கட்டும் என்று கிடந்து தவிக்கிறது, கை தோல்விக்கு அழகு பார்க்கிறது. என்ன பிறவியோ இந்த எழுதுகிற பிறவி.

சனிக்கிழமை பன்னிரண்டு இருபத்தேழுக்கு மைதானத்திலிருந்து பகுதிநேர நிருபர் கூப்பிட்டார். "எழுவத்தெட்டாவது நிமிஷம் சார். பணிமனை ஒண்ணு, வாரியம் சைபர். நம்மாளு ஒருத்தன் நொண்டறான். சார், சார்ஜ் இல்ல, எப்ப வேணா கட்டாயிடும்..." கட்டாகிவிட்டது.

அச்சகத்திலிருந்து ஒரு பக்கம் கத்துகிறார்கள். லேஅவுட் பெண் திரும்பிப் பார்த்தாள். "அண்ணே, எத விடட்டும்?"

அடிதடி கண்ணை மூடினார். மூன்று வருஷம், ஒரு வெற்றிகூட இல்லை. இன்னும் பன்னிரண்டு நிமிஷம், ஒரு கோல் பின்னால், ஒருத்தன் நொண்டுகிறான். இவர்களா, பன்னிரண்டு நிமிஷத்தில் மலையைப் புரட்டப் போகிறார்கள்? மூன்றாவது வரி அவருக்கு நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. அந்த மொட்டை வரிக்காக அந்தத் தலைப்பைக் கொல்லவேண்டுமா என்ற எண்ணமும் கூடவே வந்தது.

"வடிந்ததுன்னே விடும்மா" என்றார்.

ஒன்றேகாலுக்கு ஒரு டீக்கடைத் தொலைபேசியிலிருந்து நிருபர் கூப்பிட்டார். பின்னால் ஒரே கூச்சல். "சார், ரெண்டு ஒண்ணு! கடைசி ஆறு நிமிஷத்துல ரெண்டு கோல் சார்! தண்ணீர் வாரியம் ஜெயிச்சிடுச்சு! அந்த ஸ்டோர் கீப்பர் மைதானத்துல உக்காந்து அழுதுக்கிட்டிருக்காரு சார்!"

கீழே முற்றத்தில் வண்டிகள் கிளம்பிக்கொண்டிருந்தன. அடிதடி ஜன்னல் வழியாகப் பார்த்தார். கட்டுக் கட்டாக ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தெருவில் திரும்பிப் போயின. அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மனைவி பேசினாள். வழக்கமாக அவர் வாயைத் திறக்கமாட்டார். அன்றைக்குச் சொன்னார். தப்பாகப் போட்டுவிட்டேன், ஜெயித்தவர்களைத் தோற்றதாகப் போட்டுவிட்டேன் என்றார். "அடக் கடவுளே, வேலைக்கு ஒண்ணும் ஆபத்தில்லையே?" என்றாள். இல்லை என்றார். "அப்புறம் என்ன, யாரு ஜெயிச்சா நமக்கென்ன? மாத்திரை போட்டீங்களா?" என்றாள். போட்டேன் என்றார். போட்டிருக்கவில்லை.

திங்கட்கிழமை ஆசிரியர் ஒரு வாங்கு வாங்கினார். வானிலைப் பெட்டிக்குக் கீழே, பெருவிரல் நகம் அளவில், 'தவறாக வெளியாகிவிட்டது, வருந்துகிறோம்' என்று ஒரு திருத்தம் வந்தது. அடிதடி மூன்று மணியிலிருந்தே தொலைபேசிக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். திட்டட்டும். நன்றாகத் திட்டட்டும். மூன்றரை ஆயிற்று. மூன்றே முக்கால், நாலு. பெருக்குகிற அம்மாள் வந்து காலைத் தூக்கச் சொன்னாள், தூக்கினார். அணி தப்பித்துவிட்டது. லீக்கில் இன்னும் ஒரு வருஷம் இருக்கப்போகிறது. அவர் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. தொலைபேசி மட்டும் அடிக்கவில்லை. ஐந்து மணி வரை உட்கார்ந்திருந்துவிட்டு, யாருமில்லாத அறையில் வாய்விட்டு, "பாவி, நானே கெடுத்துக்கிட்டேன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு சொல்லிவிட்டு தண்ணீர் வாரியத்து ஸ்டோருக்குப் போனார். தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. இரண்டு பக்கமும் குழாய்கள் அடுக்கியிருந்தன. ஆணிகளில் ரப்பர் வளையங்கள் அளவு வாரியாகத் தொங்கின, எங்கும் கிரீஸ் வாசனை. உள்ளே ஒரு நீள மேஜை, சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மேஜை நடுவில் தொலைபேசி. சுவரில் வரிசையாக வெட்டி ஒட்டிய காகிதங்கள். கிட்டப் போய்ப் பார்த்தார். எல்லாம் அவர் போட்ட தலைப்புகள். ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் திராஷிங், ஹைடிங், வாலப்பிங் என்று தமிழ் எழுத்தில் எழுதியிருந்தது. சனிக்கிழமைத் தலைப்பு மட்டும் இல்லை.

"யாரப் பாக்கணும்?" என்றார், காதில் பென்சில் செருகியிருந்த ஒல்லி மனிதர். அந்தக் குரல்! இந்தக் குரலுக்கு ஒரு தாட்டியான உடம்பை அல்லவா மூன்று வருஷமாக நினைத்து வைத்திருந்தார்.

"நான்தான். பத்திரிகையிலேர்ந்து."

 ஸ்டோர் கீப்பர் எழுந்து நின்றார், ஆனால் உட்காரச் சொல்லவில்லை. அடிதடி நின்றபடியே மன்னிப்புக் கேட்டார். நேரமாகிவிட்டது, தொலைபேசி கட்டாகிவிட்டது என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார்.

"அதெல்லாம் சாக்கு. ஆட்டம் நடக்குதுன்னு போட்டிருக்கலாம். தலைப்பு நல்லா இருந்துச்சு, அதான் விட்டுட்டேன். நீங்க ஜெயிப்பீங்கன்னு நான் நம்பல" என்றார்.

மூலையிலிருந்து ஒரு பெரிய ஆள் டம்ளரை 'டொக்'கென்று வைத்தார். கோல் கீப்பர். "தெரு பூரா சொல்லிட்டு வந்தேன் சார், ஜெயிச்சிட்டோம்னு. சாயங்காலம் உங்க பேப்பர் வந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரர் வந்து என் தோளத் தட்டி, 'விடுப்பா, தோல்வியெல்லாம் சகஜம்'ங்கறாரு. ஜெயிச்ச அன்னிக்கு ஆறுதல் வாங்கறேன் சார் நான்! பொய் சொல்லி மாட்டிக்கிட்டேன்னு நினைச்சுச் சிரிக்கறாங்க. தோத்தப்ப எல்லாம் கரெக்டாப் போட்டீங்களே, நாங்க கோவப்பட்டோமா? உங்களுக்காக, மேட்ச் இல்லாத வாரத்துல கூட நாங்க கூடி உக்காந்து, என்ன கேக்கலாம்னு யோசிச்சு, ஃபோன் பண்ணினோமே..."

"டேய், வாய மூடு" என்றார் ஸ்டோர் கீப்பர்.

 அடிதடி மேஜை நடுவில் இருந்த தொலைபேசியைப் பார்த்தார். ஒலிபெருக்கி வைத்த தொலைபேசி. சுற்றிப் பன்னிரண்டு நாற்காலி.

"எல்லாரும் கேட்டுக்கிட்டுதான் இருந்தீங்களா?" என்றார்.

"டீ நேரம் சார். நீங்க சொல்ற வார்த்தைய எல்லாரும் கேக்கணும்னு ஆசைப்படுவாங்க. தோத்த வலி அதுலதான் போகும். சிரிக்காம வாயப் பொத்திக்கிட்டு உக்காந்திருப்பாங்க."

"அப்ப அன்னிக்கும்..."

எந்த நாள் என்று யாரும் கேட்கவில்லை. ஒருத்தர் கைவிரலைப் பார்த்தார், ஒருத்தர் டம்ளருக்குள் பார்த்தார்.

"அன்னிக்கும்தான். ஸ்பீக்கர அணைக்கறதுக்குக் கை போச்சு சார். அணைச்சா சத்தம் மாறும், உங்களுக்குத் தெரிஞ்சிடும்னு விட்டுட்டேன். அது தப்புதான்" என்றார் ஸ்டோர் கீப்பர். "ஆனா ஒருத்தன் கூடச் சிரிக்கல சார். வெச்ச பிறகும் ரொம்ப நேரம் யாரும் எந்திரிக்கல. இவன்தான், இந்தக் கோல் கீப்பர்தான் சொன்னான், இனிமே மேட்ச் இருந்தாலும் இல்லாட்டியும் திங்கக்கிழமை விடக்கூடாதுன்னு. நேத்துதான் யாருக்கும் மனசு வரல."

அடிதடிக்கு முதலில் ஓடிவிடலாம் போல இருந்தது. தான் தனியாகச் சாப்பிடுவதைப் பன்னிரண்டு பேர் ஜன்னலில் நின்று பார்த்த மாதிரி உடம்பு கூசியது. இரண்டு பேர் பேசிக்கொள்வதாக அவர் நினைத்திருந்தது இரண்டு பேரின் பேச்சே இல்லை. இவர்கள் பரிதாபப்பட்டிருக்கிறார்கள். பரிதாபப்பட்டு, முறை வைத்து, கேள்வி தயார் செய்து கூப்பிட்டிருக்கிறார்கள். அப்புறம்தான் மற்றது உறைத்தது. வாரம் தவறாமல் அடி வாங்கியவர்கள், அந்த வலியோடு உட்கார்ந்து, முகம் தெரியாத ஒருத்தனுக்கு என்ன பேச்சுக் கொடுக்கலாம் என்று யோசித்திருக்கிறார்கள். அவர்கள் ஜெயிப்பார்கள் என்று இவரால் பன்னிரண்டு நிமிஷம் நம்ப முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

பிறகு பையிலிருந்து பேனாவை எடுத்தார். "எழுவத்தெட்டாவது நிமிஷத்துலேர்ந்து சொல்லுங்க" என்றார்.

"எதுக்கு சார், இனிமே?"

"சொல்லுங்க. நான் பாக்கல."

 கடைசியில் மீட்டர் பார்க்கிறவர் ஒருத்தர், "நான் பந்த அடிக்கவேயில்ல சார், என் முழங்கால்ல பட்டுது" என்று தொடங்கினார். "பொய் சொல்றான், வேணும்னுதான் முழங்காலக் குடுத்தான்" என்றார் இன்னொருவர். அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. ஆளுக்கு ஆள் பேசினார்கள், எழுந்து நடித்துக் காட்டினார்கள். டீ டம்ளர்கள் தற்காப்பு வரிசையாயின, வால்வு மூடி ஒன்று பந்தாயிற்று. கடைசி நிமிஷத்தில் தான் பாய்ந்து தடுத்ததைக் கோல் கீப்பர் தரையில் விழுந்தே காட்டினார். "மூணு வருஷத்துல நான் ஒழுங்கா நிறுத்தின பந்து அது ஒண்ணுதான் சார்." அடிதடி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அவருக்கும் ஒரு டீ வந்தது. யார் வைத்தார்கள் என்று பார்க்கவில்லை.

"ஊசிப்போன செய்தி. வாரம் பழசு" என்று ஆசிரியர் முகத்தைச் சுளித்தார். அடிதடி அவர் மேஜையை விட்டு நகரவில்லை. இருபத்தெட்டு வருஷத்தில் ஒன்றும் கேட்காத மனிதர் நிற்கிறாரே என்று கால் பக்கம் கொடுத்தார். சனிக்கிழமை அது அச்சில் வந்தது. கடைசிப் பன்னிரண்டு நிமிஷத்தை மட்டும் நிமிஷம் நிமிஷமாக எழுதியிருந்தார்.

"தலைப்புக்கு என்ன வினைச்சொல் அண்ணே? வெளுத்து வாங்கியதா, பின்னி எடுத்ததா?" என்று லேஅவுட் பெண் ஆவலாகக் கேட்டிருந்தாள்.

"தண்ணீர் வாரியம் வென்றது."

"வெறும் வென்றதா? உங்க கிட்ட இல்லாத வார்த்தையா?"

"இருக்கிறதெல்லாம் அடிதாம்மா. இதுக்கு இது போதும்" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை மூன்றரை மணிக்கு அறை வழக்கம்போலக் காலியாக இருந்தது. லீக் முடிந்துவிட்டது, அடுத்த ஆட்டத்துக்கு நாலு மாதம் இருக்கிறது. அவர்கள் கூப்பிட ஒரு காரணமும் இல்லை. அடிதடி கொஞ்ச நேரம் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வருஷத்தில் அவர் ஒரு தரம்கூட அங்கே கூப்பிட்டதில்லை, எண்ணே தெரியாது. வாரியத்தின் பொது எண்ணுக்குப் போட்டு, அவர்கள் வேறு எங்கோ இணைத்து, அங்கிருந்து மாற்றி, கடைசியில் ஸ்டோர்ஸில் மணி அடித்தது.

"ஸ்டோர்ஸ்."

"நான்தான்" என்றார்.

"சாரா!" என்ற குரலுக்குப் பின்னால் நாற்காலிகள் நகர்ந்தன. "பேப்பர் பாத்தோம் சார். இவன் எட்டுக் காப்பி வாங்கிப் பக்கத்து வீட்டுக் கதவுல ஒண்ணு ஒட்டிட்டு வந்திருக்கான். என்ன சார் விஷயம், மறுபடியும் ஏதாவது தப்பாப் போட்டுட்டீங்களா?"

பின்னால் பலபேர் சிரித்தார்கள். இந்தத் தரம் யாரும் வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. ஒலிபெருக்கி போட்டிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது, அணைக்கச் சொல்லவில்லை. கையில் சொல்வதற்கு ஒரு சொல்லும் இல்லை. டைரியைக்கூடத் திறந்து வைத்திருக்கவில்லை.

"ஒரு விஷயமும் இல்ல" என்றார். "சும்மாதான் கூப்பிட்டேன்."



"சும்மாவா?" என்றார் ஸ்டோர் கீப்பர். "அப்ப இருங்க சார், டீய ஊத்திக்கிட்டு வந்துடறோம். வெச்சிடாதீங்க."